பக்கத்து வீட்டோடு பகை இல்லாமல் எல்லையையும் அந்தரங்கத்தையும் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலி போடுவது, ஜன்னலுக்குத் திரை மாட்டுவது, வாசலில் கேமரா வைப்பது, இவை எதுவுமே தப்பில்லை. ஆனாலும் இவற்றை வைத்துத்தான் இரண்டு வீட்டுக்கு நடுவே பேச்சு நின்றுபோகிறது. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேலி ஆறடியா ஏழடியா என்பது பெரிய விஷயமாக இருக்காது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் ஆட்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் மனதில் நிற்கும்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு வரிசையில் போகிறது. முதலில் உங்கள் எல்லை எது என்று தெரிந்துகொள்வது. அப்புறம் யாரையும் கேட்காமல் உங்கள் பக்கத்திலேயே முடிக்கக்கூடிய வேலைகள். அதற்கும் பிறகுதான் அடுத்தவரைத் தொடுகிற வேலைகள். பலர் நேராகக் கடைசியில் இருந்து ஆரம்பிக்கிறார்கள்.

படி 1: எல்லை எங்கே என்று உறுதி செய்யுங்கள்

இப்போது இருக்கும் வேலிதான் எல்லை என்று நினைக்க வேண்டாம். முன்பு இருந்தவர் வசதிக்காக ஓர் அடி உள்ளே தள்ளிப் போட்டிருக்கலாம், வெளியேயும் போட்டிருக்கலாம். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை விவரம், நில அளவை வரைபடம், தரையில் இருக்கும் எல்லைக்கல் ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் உரிமம் பெற்ற சர்வேயரைக் கூப்பிட்டு அளப்பதுதான் வழி.

மொபைல் ஜிபிஎஸ்ஸை வைத்து எல்லை பார்க்கவே வேண்டாம். திறந்த வானத்தின் கீழேயே சாதாரண மொபைல் சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இணைய வரைபடத்தில் வீட்டின் மேல் தெரியும் கோடும் அப்படித்தான். சண்டை பெரும்பாலும் அரை அடிக்கு நடக்கும். அதற்கு இந்தக் கருவி எப்படி உதவும்?

அளக்கும் நாளில் பக்கத்து வீட்டாரையும் அழைத்துவிடுங்கள். கல் நடும்போது அவரும் கூட நின்று பார்த்திருந்தால் பிறகு அதை மறுப்பது கடினம். முடிந்தால் செலவையும் பாதிப் பாதி என்று கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தாலும் அழைப்பதை நிறுத்த வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதை அலட்சியமாக விடக் கூடாது. பல நாடுகளில், உரிமையாளர் கேட்காமலேயே இருந்துவிட்டால், நீண்ட காலம் அந்த நிலத்தை வெளிப்படையாக ஆண்டு வந்தவருக்கு அதில் உரிமை வந்துவிடும். இந்தியாவில் தனியார் நிலத்துக்கு 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி இந்தக் காலம் 12 ஆண்டுகள். இங்கிலாந்தில் பதிவு செய்த நிலமாக இருந்தால் 10 ஆண்டுகளுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமையாளருக்குத் தகவல் போய், அவர் எதிர்ப்புச் சொல்ல வாய்ப்பு உண்டு. நல்ல மனதோடு "பரவாயில்லை, அங்கே வண்டி நிறுத்திக்கோங்க" என்று விடுவதில் தவறே இல்லை. ஆனால் அது அனுமதி என்று ஒரு வரியாவது எழுத்தில் இருக்கட்டும். அனுமதியின் பேரில் பயன்படுத்துபவர் அதையே உரிமையாக மாற்றிக்கொள்வது கடினம். ஒரு குறுஞ்செய்தி போதும்: "நீங்க கேட்டபடி இந்த இடத்துல வண்டி நிறுத்திக்கலாம், எங்களுக்குத் தேவைப்படும்போது சொல்றோம்."

படி 2: எது தெரிகிறது, எங்கிருந்து தெரிகிறது என்று நடந்து பாருங்கள்

"அவங்க எப்பவும் நம்ம வீட்டையே பாக்குறாங்க" என்பது ஓர் உணர்வு. அதை வைத்துக்கொண்டு எதையும் கட்ட முடியாது. எந்த ஜன்னலிலிருந்து, எந்த நேரத்தில், உங்கள் வீட்டின் எந்த இடம் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு முறை பாருங்கள். இருட்டியதும் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று இன்னொரு முறை பாருங்கள். பகலில் கண்ணாடி மாதிரி பளபளத்த ஜன்னல் இரவில் உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே காட்டும். பிரதிபலிக்கும் ஃபிலிம் ஒட்டியவர்கள் ஏமாறுவது இங்கேதான். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகத் தெரியும். பகலில் வெளியே வெளிச்சம், அதனால் உங்களுக்குப் பாதுகாப்பு. இரவில் நிலைமை தலைகீழ்.

மாடியிலிருந்து பார்வை விழுகிறது என்றால் உடனே "வேலியை உயர்த்து" என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எதிர் மாடி ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 4.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலிலிருந்து வேலிக்கு 3 மீட்டர். வேலியிலிருந்து நீங்கள் நாற்காலி போடும் இடத்துக்கு 5 மீட்டர். உட்கார்ந்திருக்கும் உங்கள் தலை 1.2 மீட்டர் உயரத்தில். அவர் கண்ணிலிருந்து உங்கள் தலைக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், வேலி இருக்கும் இடத்தில் அந்தக் கோடு ஏறக்குறைய 3.3 மீட்டர் உயரத்தில் போகும். அதை மறைக்க வேண்டுமானால் பத்தடிக்கும் மேல் சுவர் எழுப்ப வேண்டும். பல ஊர்களில் சட்டமே அதை அனுமதிக்காது. ஆனால் அதே கோடு நாற்காலிக்கு ஒரு மீட்டர் முன்னால் 1.6 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்கே 1.7 மீட்டருக்கு ஒரு செடித்தொட்டி வரிசையோ தட்டியோ வைத்தால் வேலை முடிந்தது. மறைப்பு உங்களுக்கு அருகில் இருந்தால் சிறிதாக இருந்தாலே போதும், எல்லையில் வைத்தால் பூதமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே வேலிச் சண்டைகளில் பாதி தேவையில்லாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

படி 3: உங்கள் பக்கத்திலேயே முடியும் வேலைகளை முடியுங்கள்

கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கும் திரை, மங்கலான கண்ணாடி, சாய்வாகப் பொருத்திய பலகைத் தட்டி என்று வழிகள் நிறைய. சாய்வுப் பலகையில் ஒரு வசதி உண்டு: காற்றும் வெளிச்சமும் வரும், மேலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியாது. உட்காரும் இடத்தை இரண்டு அடி நகர்த்துவது, கண்ணாடி மேசையைத் திருப்பிப் போடுவது போன்ற செலவில்லாத வழிகளையும் யோசியுங்கள்.

செடி வைத்து மறைப்பதானால் எல்லையை ஒட்டி நடாதீர்கள். வளர்ந்த பிறகு அதன் அகலம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் பாதிக்கும் மேல் உள்ளே தள்ளி நடுங்கள். மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் வகை மூங்கிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் அந்தரங்கத்துக்காக வைத்தது இரண்டு மூன்று ஆண்டில் அவர் தோட்டத்தில் முளைத்து நிற்கும்.

"அவர் ஏன் பார்க்கிறார், நான் ஏன் மறைக்க வேண்டும்" என்ற கேள்வி நியாயமானதுதான். சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு லண்டன் வழக்கு ஒன்று சுவையான எடுத்துக்காட்டு. டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில் பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. எதிரே இருந்த கண்ணாடிச் சுவர் அடுக்குமாடி வீடுகளுக்குள் இருப்பதெல்லாம் அங்கிருந்து தெரிந்தது. ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் வீட்டுக்காரர்கள் தோற்றார்கள். திரை போட்டுக்கொள்ளலாமே என்றுகூடச் சொல்லப்பட்டது. 2023 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் கவனியுங்கள், அங்கே வென்றதற்குக் காரணம் அந்த இடத்தின் பயன்பாடு சாதாரணமானது அல்ல என்பது. பக்கத்து ஜன்னலிலிருந்து இயல்பாகப் பார்வை விழுவது குற்றம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

ஜன்னல் விஷயத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. பிரான்சில் அடுத்த நிலத்தை நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கு எல்லையிலிருந்து 1.90 மீட்டர் இடைவெளி வேண்டும், பக்கவாட்டுப் பார்வைக்கு 0.60 மீட்டர். ஜப்பானில் எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள் அடுத்தவர் வீட்டைப் பார்க்கும் ஜன்னல் வைத்தால் மறைப்பும் வைக்க வேண்டும். இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. ஓர் ஊரில் வழக்கமாகவே அடுத்தவர் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் திறப்பதில்லை என்றால், அந்த வழக்கத்தையே உரிமையாகக் கொள்ளலாம் என்று 18ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு சொல்கிறது. நீங்கள் புதிதாக ஜன்னல் வைப்பவரானாலும் இதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும், மறந்துவிட வேண்டாம்.

படி 4: வேலிக்கும் சுவருக்கும் முன்னால் பேசுங்கள்

ஆட்கள் வேலைக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் வேண்டாம், தகவல் சொல்வது வேறு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, அடுத்த மாசம் இந்தப் பக்கம் வேலி போடலாம்னு இருக்கோம். பசங்க வெளியே ஓடிடுறாங்க, அதான். இதுதான் வரைபடம். உங்க பக்கம் செடிக்கோ வெளிச்சத்துக்கோ ஏதாவது இடைஞ்சல் வருமான்னு பார்த்துச் சொல்லுங்க." காரணத்தை உங்கள் தேவையாகச் சொல்லுங்கள். "நீங்க பாக்குறீங்க, அதனால" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அவர் ஏதாவது மாற்றம் கேட்டால், உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லாதவரை ஒன்றையாவது ஒப்புக்கொள்ளுங்கள். நிறம், மேல் ஓரத்தில் சல்லடை, வேலை நேரம் எதுவாக இருந்தாலும் சரி. தன் கருத்தும் அந்த வேலியில் இருக்கிறது என்றால் மனிதர் அதை வேறு கண்ணோடுதான் பார்ப்பார்.

எழுப்பும்போது கவனிக்க வேண்டியவை: அஸ்திவாரம் உட்பட மொத்தமும் உங்கள் நிலத்துக்குள் இருக்க வேண்டும். பலர் சுவரை மட்டும் அளந்து, கீழே அகலமாகப் போகும் அஸ்திவாரத்தை மறந்துவிடுகிறார்கள். மழைநீர் முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்து, சுவரால் அது அடைபடாமல் வடிகால் துளை விடுங்கள். பின்னாளில் வெளிப்பக்கம் பூச வேண்டுமென்றால் எங்கே நிற்பீர்கள்? அதற்கு இடம் விடுங்கள், அல்லது அவர் பக்கம் வந்து செய்ய இப்போதே ஒப்புதல் வாங்குங்கள். அவர் வீட்டு ஜன்னலுக்கு நீண்ட காலமாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தால் அதையும் பாருங்கள். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் 20 ஆண்டுகள் தடையின்றி வந்த வெளிச்சத்துக்கு உரிமை கேட்க முடியும்.

சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்றால் நிலைமையே வேறு. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர் சட்டப்படி அப்படிப்பட்ட சுவரில் வேலை செய்ய இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் பொதுச்சுவரில் ஆணி அடிப்பதைத் தாண்டிய எந்த வேலையையும் சொல்லாமல் செய்யாதீர்கள்.

பழிவாங்கச் சுவர் எழுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1870களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் கிராக்கர் என்ற ரயில்பாதைக் கோடீஸ்வரர், வீட்டை விற்க மறுத்த பக்கத்து வீட்டுக்காரரைச் சுற்றி மூன்று பக்கமும் சுமார் 40 அடி உயர வேலி போட்டார். வெயிலும் காற்றும் போயின, ஆனாலும் கிராக்கரின் வாழ்நாளில் அந்த இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. இன்று கலிஃபோர்னியாவில் வேண்டுமென்றே எரிச்சலூட்டப் போடும் 10 அடிக்கு மேற்பட்ட வேலி சட்டப்படி தொல்லையாகக் கருதப்படும்.

படி 5: கேமராவைத் திருப்புங்கள்

கேமராவை நல்லெண்ணத்தில் வைத்தாலும் எதிர்வீட்டாருக்கு அது ஒரு கண்தான். மாட்டியதும் திரையில் வரும் படத்தைப் பாருங்கள். அவர் வாசல், ஜன்னல், துணி காயும் இடம் ஏதாவது விழுகிறதா? கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து உங்கள் கேட்டோடு நிறுத்துங்கள். அப்படியும் விழுந்தால் செட்டிங்கில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். படத்தைவிடக் குரல்தான் வம்பு. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம் ஒரு கதவுமணி கேமரா வழக்கில் இதைத்தான் சொன்னது: பேச்சை வெகுதூரத்திலிருந்து பிடிக்கும் ஒலிப்பதிவு படப்பதிவைவிடச் சிக்கலானது என்று. பொதுத்தெருவையும் பிடிக்கும் வீட்டுக் கேமராவை முழுக்கச் சொந்த உபயோகம் என்று சொல்லிவிட முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

அப்புறம், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு மொபைலில் படத்தைக் காட்டிவிடுங்கள். "பாருங்க, உங்க கேட் வரைக்கும் வராது." அரை நிமிடம்கூட ஆகாது. பதிவில் யாராவது வழுக்கி விழுந்து எழுந்ததை வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 6: மரமும் கிளையும்

எல்லை தாண்டி வந்த கிளையை வெட்டலாமா? பல நாடுகளில் எல்லைக்கோடு வரை வெட்டலாம், ஆனால் நிபந்தனை உண்டு. ஜெர்மனியில் முதலில் உரிமையாளருக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். ஜப்பானில் 2023 ஏப்ரல் வரை வேரை மட்டுமே தாமாக வெட்ட முடிந்தது. இப்போது கேட்டும் வெட்டாவிட்டால் கிளையையும் வெட்டலாம். விழுந்த பழம் யாருக்கு என்பது இன்னும் வேடிக்கை: ஜெர்மனியில் எந்த நிலத்தில் தானாக விழுந்ததோ அந்த நிலத்துக்காரருக்கு, இங்கிலாந்தில் மரத்துக்காரருக்கே.

சட்டம் அனுமதித்தாலும் மரம் சாகும் அளவுக்கு வெட்டினால் இழப்பீடு கேட்பார்கள். அடிமரத்தை ஒட்டி வேரை வெட்டிய பிறகு காற்றில் சாய்ந்தால் பொறுப்பு உங்கள் மேல் வரலாம். ஆகவே சொல்லுங்கள், காத்திருங்கள், முடிந்தால் இருவரும் சேர்ந்து ஒரே ஆளை வைத்து வெட்டுங்கள்.

படி 7: சத்தம், வெளிச்சம், தண்ணீர்

சத்தம் 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். செடிவேலி சத்தத்தைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள், பார்வையைத்தான் தடுக்கும். இடைவெளியில்லாத கனமான சுவர்தான் ஓரளவு குறைக்கும். பாட்டின் தாளச்சத்தம் சுவர் வழியாகவே போகும், அதனால் ஸ்பீக்கரைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கிக் கீழே ரப்பர் விரிப்பு போடுங்கள். வெளிவிளக்கை அவர் படுக்கையறைக்குப் போகாமல் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஏசி தண்ணீரும் கூரைத் தண்ணீரும் உங்கள் பக்கமே வடியட்டும். இவ்வளவுதான்.

படி 8: ஆட்கள் வந்து போவதில் கோடு

இடத்துக்கு எல்லை போடுவது சுலபம், நேரத்துக்குப் போடுவதுதான் சங்கடம். சொல்லாமல் வருபவரிடம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முகம் சுளிப்பதைவிட வாசலிலேயே நின்று "இப்ப ஒரு வேலையில இருக்கேன், ஆறு மணிக்கு மேல வரீங்களா?" என்று கேளுங்கள். "வராதீங்க" என்பதோடு "எப்போது வரலாம்" என்பதையும் சேர்த்துச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் மறுப்பு அவமானமாகப் படும்.

சாவி கொடுத்து வைப்பதானால் எதற்காக மட்டும் திறக்கலாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பந்து உள்ளே விழுந்தால் பிள்ளைகள் மணி அடித்துக் கேட்க வேண்டுமா, தாங்களே எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் ஒரு நாள் பேசிவிடலாம். இன்னொன்று, சுவருக்கு அப்பால் காதில் விழுந்ததை மூன்றாம் வீட்டில் சொல்லாதீர்கள். உங்கள் அந்தரங்கத்துக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பாதுகாப்பு அதுவேதானே.

படி 9: பேச்சு முறிந்தால்

முதலில் நேரில், தனியாக, கோபம் ஆறிய மறுநாள் பேசுங்கள். பயனில்லாவிட்டால் தேதி, நேரம், நடந்தது என்ன என்று குறிப்பெடுங்கள். பட்டப்பெயர் எதுவும் சேர்க்காமல். அடுத்து ஒரு கடிதம்: என்ன நடக்கிறது, எப்படிப் பாதிக்கிறது, என்ன செய்தால் தீரும். வக்கீல் நோட்டீசுக்கு முன் மத்தியஸ்தத்தை முயன்று பாருங்கள். சிங்கப்பூரில் 1998 முதல் சமூக மத்தியஸ்த மையம் இயங்குகிறது. இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. இந்தியாவில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றம் உண்டு. செலவு குறைவு என்பதைவிட, வழக்கில் ஜெயித்தாலும் மறுநாள் காலை அதே முகத்தைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்பதே இதற்கான காரணம்.

மிரட்டல், பின்தொடர்தல், ஒளிந்திருந்து படமெடுத்தல் என்று போனால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். நேராகக் காவல்துறைக்குப் போங்கள். நல்ல அண்டைவீட்டாராக இருப்பது என்பதில் பொறுத்துப்போவதற்கும் ஓர் அளவு உண்டு.

படி 10: வீடு கைமாறும்போது

வாய்மொழி ஒப்பந்தங்கள் இங்கேதான் செத்துப்போகும். வண்டி நிறுத்தும் அனுமதி, வேலிச் செலவு, வடிகால் யாருடையது, கிளை வெட்டுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, வரைபடத்தோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் மீதான நிரந்தர உரிமை எதையாவது தருவதாக இருந்தால் மட்டும் அந்தக் காகிதம் போதாது, வழக்கறிஞரைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். புதியவர் குடிவந்த முதல் சில வாரங்களுக்குள் அந்தப் பிரதியோடு போய் அறிமுகம் செய்துகொண்டு, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அவரோடு நடந்து காட்டிவிட்டு வாருங்கள்.